கத்திக்குத் தோற்கும் பலகை

மரப்பலகை அழுக்கு, பிளாஸ்டிக் பலகை சுத்தம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறை வீட்டுச் சமையலறைகளுக்குச் சொல்லிவந்த அறிவுரையின் சாரம் இதுதான். கேட்டவுடன் ஒத்துக்கொள்ளத் தோன்றும் காரணமும் இருந்தது. மரத்தில் துளைகள் உண்டு, கறியிலிருந்து கசியும் நீர் உள்ளே இறங்கும், அதோடு கிருமியும் போய் ஒளிந்துகொள்ளும். பிளாஸ்டிக்கில் துளை கிடையாது, கழுவினால் போய்விடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உணவு நுண்ணுயிரியல் ஆராய்ந்துகொண்டிருந்த டீன் கிளைவர் இந்த அறிவுரையை எதிர்க்கக் கிளம்பியவர் அல்லர். மரப்பலகையை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களுடைய பலகையையும் பிளாஸ்டிக் அளவுக்குச் சுத்தமாக்க ஒரு வழி கண்டுபிடித்துத் தரலாம் என்றுதான் அவர் வேலையைத் தொடங்கினார்.

நெஷே அக் என்ற ஆய்வாளரும் உடன் சேர்ந்தார். ஒன்பது வகை மரங்கள், நான்கு வகை பிளாஸ்டிக், கூடவே கெட்டியான ரப்பர். எல்லாவற்றிலும் சிறு சிறு துண்டுகள். சில புத்தம் புதியவை, சில கத்தி பட்டுக் கீறல் விழுந்தவை. அவற்றின் மேல் சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலையின் கொடிய வகை ஒன்று ஆகிய கிருமிகள் கலந்த நீரைச் சொட்டுவிட்டு, நேரம் போகப்போக எத்தனை உயிரோடு கிடைக்கின்றன என்று எண்ணினார்கள். பிளாஸ்டிக் மேல் இட்டவை மணிக்கணக்கில் அப்படியே கிடைத்தன. இரவு முழுக்க விட்டுவைத்தால் பெருகவும் செய்தன. மரமோ 3 முதல் 10 நிமிடத்துக்குள் அந்த நீரை முழுக்கக் குடித்துவிட்டது. பச்சைக் கறியிலிருந்து வழக்கமாக வரக்கூடிய அளவுக்கு, அதாவது ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை, இட்ட கிருமிகளை அதன்பின் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து மீட்டெடுக்கவே முடியவில்லை. வேண்டுமென்றே பத்து லட்சமும் அதற்கு மேலும் கொட்டி, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் 12 மணி நேரம் வைத்தால் சில கிடைத்தன. அப்போதும் 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் காணாமல் போயிருந்தன. இந்த முடிவுகள் 1994இல் ஆய்விதழில் வெளிவந்தபோது கிளைவருடைய முதல் கேள்விக்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது.

காணாமல் போனவை எங்கே போயின என்பதுதான் சுவையான பகுதி.

மரம் என்று நாம் கையில் எடுப்பது பெரும்பாலும் வெற்றிடம். உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்கள், அவற்றைத் தாங்கிய நார்கள் எல்லாம் செத்து, சுவர் மட்டும் மிஞ்சி நிற்கும் கூடு அது. அந்தச் சுவர் செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸுக்கு நீரின் மேல் தீராத பிரியம். மூலக்கூறு நெடுகிலும் நீரைப் பற்றிக்கொள்ளும் முனைகள் இருக்கின்றன. காய்ந்த பலகையில் ஒரு சொட்டு விழுந்தால் நுண்குழாய்கள் அதை உள்ளே இழுக்கின்றன. உள்ளே போனதும் குழாய்ச் சுவரே அதைக் குடித்துவிடுகிறது. சொட்டோடு போன பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. தண்ணீர் இழுத்த வழியில் உள்ளே போய்விட்ட அதற்கு, திரும்பி வரத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் ஈரம் வற்ற வற்ற அதுவும் வற்றிச் சாகிறது.

அது உடனே சாவதில்லை. மரத்துண்டைப் பிளந்தும் தோண்டியும் பார்த்தபோது உள்ளே கொஞ்ச காலம் சில உயிரோடு இருந்தன. மற்ற ஆய்வுக்கூடங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன: மறைந்தது வேறு, செத்தது வேறு அல்லவா என்று கேட்டன. நியாயமான கேள்விதான். ஆனால் பலகையைப் பிளந்து நாம் தக்காளி நறுக்குவதில்லை. சமையலறைக்குத் தேவையான கேள்வி, அடுத்து வைக்கும் காயின் மேல் எது ஒட்டும் என்பது. அந்தக் கேள்விக்குக் கிளைவர் தந்த விடை நிற்கிறது என்றே நினைக்கிறேன். பிற்பாடு ஜெர்மனியில் செய்த சோதனைகளில், பைன், ஓக்கு போன்ற சில மரங்களில் கிருமிகள் மற்ற மரங்களைவிட விரைவாக மடிந்தன. அங்கே வறட்சியோடு மரத்தின் உட்பொருள்களும் கொஞ்சம் கைகொடுக்கின்றன.

பிளாஸ்டிக்கின் கதை எதிர்த்திசையில் போகிறது. புதுப் பலகையைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்; அதில் சந்தேகமில்லை. ஆனால் நாள்பட்ட பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலெல்லாம் கத்தி கிழித்த பள்ளங்கள், ஓரங்கள் பிசிர்பிசிராக எழுந்து நிற்கும். அந்தப் பள்ளத்தில் இறங்கிய நீரைக் குடிக்க ஆளில்லை. தேய்க்கும் நாரும் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினம், கோழிக்கொழுப்பு படிந்திருந்தால் இன்னும் கடினம் என்று கிளைவர் குழுவின் சோதனைகள் காட்டின.

வடகலிஃபோர்னியாவின் நான்கு மாவட்டங்களில் சால்மொனெல்லா காய்ச்சல் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 1992இல் ஒரு ஆய்வு வெளிவந்திருந்தது. மரப்பலகை வைத்திருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சராசரியில் பாதிக்கும் குறைவு. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பலகை வைத்திருந்தவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. கேட்க வியப்பாக இருந்தாலும் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மரப்பலகை வாங்குகிறவர்களின் சமையல் பழக்கமே வேறாக இருக்கலாம். பலகைக்கும் நோய்க்கும் இடையில் நூறு விஷயங்கள் உண்டு. இதைக் காட்டி மரம் கிருமிநாசினி என்று விளம்பரம் செய்பவர்களை நம்பத் தேவையில்லை. நம் ஊரில் இப்போது வேப்பமரப் பலகைக்கு அப்படியொரு புகழ் பரவிவருகிறது. வேம்பின் பேர்பெற்ற கசப்புப் பொருள்கள் செறிந்திருப்பது விதையில். பலகையாக வரும்போது வேம்பு செய்வது பெரும்பாலும் எல்லா மரமும் செய்கிற வேலையைத்தான்: தண்ணீரைக் குடிக்கிறது, காய்கிறது.

எந்தப் பலகையானாலும் ஆபத்து ஒரே வழியில்தான் வருகிறது. கோழியை வெட்டிய பலகையை ஒரு துடை துடைத்துவிட்டு, அதிலேயே வெள்ளரியும் வெங்காயமும் தயிர்ப்பச்சடிக்கு நறுக்குகிறோம். கோழி கொதிக்கப் போகிறது, அதிலுள்ளவை செத்துவிடும். வெள்ளரி கொதிக்கப் போவதில்லை. பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, அப்படியே சாப்பிடும் காய்கனிக்கு இன்னொன்று என்று அமெரிக்க வேளாண்மைத் துறை இன்று சொல்வது இதனால்தான். அது மரமா பிளாஸ்டிக்கா என்ற சண்டையை அந்தத் துறையே விட்டுவிட்டது. அந்நாட்டு உணவகங்களுக்கான மாதிரி விதித்தொகுப்பும் மேப்பிள் போன்ற கெட்டியான, நெருக்கமான இழையுள்ள மரத்தை வெட்டும் பலகைக்கு அனுமதிக்கிறது. பெரிய ஓட்டல் சமையலறைகளில் நிறம் நிறமாகப் பிளாஸ்டிக் அடுக்கியிருப்பார்கள். சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், கீரை பழங்களுக்குப் பச்சை. கொதிநீரில் கழுவித் தள்ளும் இயந்திரம் இருக்கும் இடத்தில் அது சரியான ஏற்பாடு. வீட்டில் அந்த இயந்திரம் நம் கைதான்.

இரவுச் சாப்பாடு முடிந்து பலகையை அலசி, ஈரத்தோடு மேடையில் படுக்கப்போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம் என்று வையுங்கள். இதமான சூடும் சிறிது உணவும் ஈரமும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஏழு மணி நேரத்தில் 21 முறை. தங்கிவிட்டது ஒன்றே ஒன்று என்றாலும் விடியும்போது இருபது லட்சத்தைத் தாண்டும். பலகையின் அடியில் எப்போதும் அவ்வளவு வசதி கிடைக்காது என்பது உண்மை. கிடைக்காமல் செய்வதற்கு ஆகும் செலவோ, பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பதுதான்.

இனி கத்தியின் பக்கம் வருவோம். கிருமியைப் பற்றிப் பேசுகிற பலரும் பலகையின் முதல் வேலையை மறந்துவிடுகிறார்கள். நல்ல கத்தியின் விளிம்பு ஓரிரு மைக்ரோமீட்டர் அகலம்தான். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் அந்த விளிம்பு எதன் மேலாவது போய் இடித்தாக வேண்டும். இடிக்கும் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கும். பலகை விட்டுக்கொடுக்காவிட்டால் கத்தியின் விளிம்பு மடங்கும். கண்ணாடிப் பலகை பார்க்க அழகு, கறை பிடிக்காது, கிருமியும் தங்காது. கத்திக்கு அது எமன். கிரானைட் மேடையிலேயே வெங்காயம் நறுக்குகிறவர்கள் இன்னும் மோசமான காரியம் செய்கிறார்கள், ஏனென்றால் கிரானைட்டில் உள்ள படிகக்கல் எஃகைவிடக் கடினம். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் நறுக்குவதும் இதே வகைதான். இப்போது இணையத்தில் விற்கும் துருப்பிடிக்காத எஃகுப் பலகையும் டைட்டானியம் பலகையும் என்ன சிக்கலைத் தீர்க்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. உலோகத்தை உலோகத்தில் இடிக்கிறோம், அவ்வளவுதான்.

மரத்தின் கடினத்தை அளக்க ஆஸ்திரியாவில் பிறந்த கேப்ரியல் யாங்கா 1906இல் ஒரு முறை வகுத்தார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தில் பாதி புதையும்வரை அழுத்த வேண்டும். அதற்கு எவ்வளவு விசை ஆகிறதோ அதுவே மரத்தின் கடினம். குண்டின் அளவு விசித்திரமாகத் தோன்றினாலும் கணக்கு இருக்கிறது: பாதி புதைந்தால் பதியும் வட்டத்தின் பரப்பு சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர். அமெரிக்கப் பலகைகளின் அரசனான கெட்டி மேப்பிள் 1,450 பவுண்டு விசை கேட்கும். தேக்கு ஆயிரத்தைச் சற்றே தாண்டும். பலகைக்கு அந்த அளவே போதும். ஆனால் தேக்குக்கு இன்னொரு குணம் உண்டு: தன் செல்களில் சிலிக்காவைச் சேர்த்துவைக்கும் மரம் அது. தேக்கு அறுக்கும் தச்சர்கள் ரம்பப்பல் சீக்கிரம் மழுங்குகிறது என்று குறைப்படுவது இதனால். தினமும் கத்தி தீட்டும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய குறையல்ல. தேக்கின் உள்ளே இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீரை அது மற்ற மரங்களைவிட நன்றாகத் தாங்கும்.

கடினத்தைவிட முக்கியமானது, மரத்தின் எந்த முகத்தில் வெட்டுகிறோம் என்பது. கடையில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலானவை நார் படுத்த வாக்கில் இருக்கும். கத்தி நாரைக் குறுக்கே அறுக்கிறது. அறுந்த நார் திரும்ப ஒட்டாது. மரத்தைக் குறுக்கே அறுத்து, வருட வளையம் தெரியும் முகத்தை மேலே வைத்தால் நார்கள் எல்லாம் நின்றுகொண்டிருக்கும். கத்தி அவற்றுக்கு இடையில் இறங்குகிறது, எடுத்தவுடன் நார்கள் மறுபடி நெருங்கிக்கொள்கின்றன. துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி அதன் ஈர்க்குகளுக்கு நடுவே கத்தியை விடுவதைப் போல. கத்திக்கும் சேதம் குறைவு, பலகையிலும் கீறல் குறைவு. நீர் குடிக்கும் வேகமும் இந்த முகத்தில்தான் அதிகம், குழாய்களின் வாய் நேராக மேலே திறந்திருக்கிறது அல்லவா.

இதை அறிய நாம் ஐரோப்பியப் பலகைக் கடைக்குப் போக வேண்டாம். தெருமுனைக் கறிக்கடையில் போய் நின்றால் போதும். பாய் கறி வெட்டும் கட்டை புளியமரத்தின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்த ஒரு துண்டு. வளையங்கள் மேலே தெரிய, நார்கள் நின்றபடி இருக்கும். புளிக்கு இன்னொரு சிறப்பு, அதன் நார்கள் ஒரே திசையில் ஓடாமல் அடுக்குக்கு அடுக்கு மாறிமாறிச் சாய்ந்து பின்னிக்கொண்டிருப்பது. விறகு பிளப்பவர்கள் புளியங்கட்டையைக் கண்டால் முகம் சுளிப்பது அதனால்தான். கோடாலி இறங்கும், கட்டை பிளக்காது. எலும்பு வெட்டும் கத்தியின் அடியை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டிய கட்டைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. தாய்லாந்திலும் வீட்டுக்கு வீடு இருக்கும் கனத்த வட்டப்பலகை புளியமரத்தின் குறுக்குத்துண்டே. வியத்நாமின் வடக்கு மலைகளில் வளரும் ஒரு இரும்பு போன்ற மரத்திலிருந்து இதே வடிவில் கட்டை அறுக்கிறார்கள். கடினமான மரமும் கனத்த கத்தியும் உள்ள ஊர்களெல்லாம் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே கத்தி மெல்லியது, விளிம்பு மிகக் கடினமானது, எளிதில் சில்லு தெறிக்கும். அதனால் ஹினோக்கி எனப்படும் சைப்ரஸ் வகை மரம், கிங்கோ போன்ற மென்மையான மரங்களைப் பலகைக்கு எடுத்தார்கள். பலகை சீக்கிரம் தேயும், இழைத்துக்கொள்ளலாம். வெட்டத் தொடங்குமுன் பலகையை நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. துளைகளில் முதலிலேயே நல்ல நீர் நிரம்பிவிட்டால் மீன் நீரும் வாடையும் உள்ளே இறங்க இடமில்லை. விஸ்கான்சின் சோதனையில் காய்ந்த மரம் கிருமியை உள்ளிழுத்துக் கொன்றது. ஜப்பானியச் சமையல்காரர் உள்ளே விடாமலே கழுவிவிடுகிறார். முரணாகத் தெரிந்தாலும் இரண்டும் முடிவது பலகையைக் காயவைப்பதில்தான்.

தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பலகை அண்மையில் வந்த விருந்தாளி. நம் பாட்டிமார் அரிவாள்மனையில்தான் அரிந்தார்கள். கத்தி நிலையாக நிற்கும், காய் அதை நோக்கி நகரும், அரிந்த துண்டு நேரே தண்ணீர்ப் பாத்திரத்தில் விழும். விளிம்பு எதன் மேலும் இடிப்பதே இல்லை. இந்த அத்தியாயத்தில் இதுவரை பேசிய சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கே எழவே வழியில்லை. தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து சமைத்த காலம் போய், நின்று சமைக்கும் மேடை வந்தது; மேடையோடு கத்தி வந்தது; கத்தி மேலிருந்து கீழே இறங்குவதால் அடியில் ஒரு பலகை தேவைப்பட்டது. வங்காளத்திலும் மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. அரிவாள்மனையை இன்றும் விடாதவர்கள் பலகையைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

மேடைச் சமையலறை வந்தபோது கடையில் தயாராகக் கிடைத்தது வெள்ளைப் பிளாஸ்டிக். அது பாலிஎத்திலீன். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்டு கிப்சனும் 1933இல் எத்திலீன் வாயுவை வேறொரு நோக்கத்துக்காகக் கடும் அழுத்தத்தில் வைத்தபோது, கலத்தின் சுவரில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்தது. பலகைக்கு ஏற்ற கெட்டியான வகை, 1953இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஸீக்லர் கண்ட வினையூக்கியால் வந்தது. அதற்காக அவர் நோபெல் பரிசும் பெற்றார்.

பாலிஎத்திலீனுக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய்ப் பண்புள்ளவை பிடிக்கும். பச்சை மஞ்சளை நறுக்கிய பலகை மஞ்சளாகவே நின்றுவிடுவது இதனால். மஞ்சளின் நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பிளாஸ்டிக்குக்குள்ளும் மெல்ல ஊடுருவிவிடும். உள்ளே போனதைச் சோப்பு எட்டாது. சோப்பின் காரம் பட்டால் கறை சிவக்க வேறு செய்யும். குர்குமின் காரத்தில் நிறம் மாறும் பொருள். தேய்த்துத் தேய்த்துச் சலித்தவர்களுக்கு எளிய வழி மொட்டை மாடி. குர்குமின் ஒளியைத் தாங்காது. நல்ல வெயிலில் பலகையைக் காயப்போட்டால் மஞ்சள் தானே வெளுத்துவிடும்.

கத்தி கிழிக்கும்போது பிளாஸ்டிக் எங்கே போகிறது? காய்க்குள்தான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பாலிஎத்திலீன் பலகையிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 7.4 முதல் 50.7 கிராம் வரை நுண்துகள் வரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பாலிபுரொப்பிலீன் பலகையில் சுமார் 49.5 கிராம். வெட்டுகிறவரின் கை, வெட்டும் பொருள், பலகை எல்லாவற்றையும் பொறுத்து இது கூடும் குறையும் என்பதால் இந்த எண்ணை அப்படியே நம் வீட்டுக்குப் பெயர்த்துக்கொள்ளக் கூடாது. அந்தத் துகள்களை எலிச் செல்களோடு 72 மணி நேரம் வைத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க நச்சு விளைவு தெரியவில்லை என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அச்சம் தேவையில்லை, ஆனால் பிசிர் எழுந்த பலகையில் தொடர்ந்து கீரை பொடிப்பொடியாக அரிவதற்கும் எந்த நியாயமும் இல்லை.

மூங்கில் பலகையை மரத்தோடு சேர்த்து விற்கிறார்கள், அது புல். கீற்றுகளாக்கிப் பசையால் ஒட்டிச் செய்வது. கெட்டி, மலிவு, இலேசு. புல்லுக்கே உரிய சிலிக்காவால் கத்தியை மழுங்கவைக்கும். கன்னியாகுமரிப் பக்கம் பால் வற்றிய ரப்பர் மரங்களிலிருந்து வரும் வெளிறிய பலகைகளும் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. அந்த மரத்துக்குப் பூஞ்சையையும் வண்டையும் எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே குறைவு. அறுத்த கையோடு போரான் உப்பில் ஊறவைக்காவிட்டால் நீலம் பாரித்துவிடும். ஈரத்தில் போட்டுவைக்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல. வைரம் பாய்ந்த தேக்கோ புளியோ கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்பவர்கள் வெளிறு இல்லாத துண்டாகக் கேளுங்கள், வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கத்தி பட்டால் அது செதிலாக உரிந்து காயோடு கலக்கும்.

மரப்பலகையின் நிஜமான எதிரி கத்தியல்ல, ஒரே பக்கமாகப் படும் ஈரம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் கடலோர நகரத்தில் மரம் தன் எடையில் சுமார் 14 விழுக்காடு நீரை வைத்திருக்கும். குளிரூட்டிய அறையில், ஈரப்பதம் 50 ஆனால் அது 9 அளவுக்கு இறங்கும். நீர் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. வளையத்தை ஒட்டிய திசையில் மாறுவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைப் போலச் சுமார் இரு மடங்கு. மேப்பிளில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பலகை, மேற்சொன்ன இரண்டு நிலைக்கும் இடையில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். தேக்கில் இது 3 மில்லிமீட்டர். மேல்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டு, அடிப்பக்கம் மேடையில் ஒட்டிக் கிடக்கும்படி விட்டால் இரண்டு முகமும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, பலகை வளைகிறது. தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாலும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைத்தாலும் ஒட்டு விட்டுப் பிளக்கும். இரண்டு பக்கமும் நனைத்து, இரண்டு பக்கமும் துடைத்து, நிமிர்த்தி வைத்தால் போதும். வெயிலில் சுள்ளென்று காயப்போடுவது பிளாஸ்டிக்குக்குச் செய்யலாம், மரத்துக்குக் கூடாது, வெடிப்பு விடும்.

எண்ணெய் தடவுவதும் இந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கத்தான். எண்ணெய் தடவினால் கிருமியை உறிஞ்சும் குணம் கெட்டுவிடுமோ என்ற ஐயத்துக்கும் கிளைவர் குழுவிடம் விடை இருந்தது: தடவிய மரத்திலும் முடிவுகள் பெரிதாக மாறவில்லை. எந்த எண்ணெய் என்பதில்தான் வேதியியல் வருகிறது. எண்ணெய்களில் சில காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மூலக்கூறுகள் பின்னி இறுகும். ஆளிவிதை எண்ணெய் அப்படிப்பட்டது. இறுகும் திறனை அயோடின் மதிப்பு என்ற எண்ணால் ஓரளவு ஊகிக்கலாம். ஆளிவிதைக்கு 170க்கு மேல், நல்லெண்ணெய்க்குச் சுமார் 110, தேங்காயெண்ணெய்க்குப் பத்தை ஒட்டி. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் இரண்டுங்கெட்டான்கள். முழுக்க இறுகவும் மாட்டா, கெடாமல் இருக்கவும் மாட்டா, பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். தேங்காயெண்ணெய் இறுகாது, ஆனால் எளிதில் கெடுவதும் இல்லை என்பதால் கைக்கு எட்டியதை எடுக்க நினைப்பவர் அதைத் தடவலாம். மேலானது கனிம எண்ணெய். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு லிக்விட் பாரஃபின் என்று விற்பதேதான். ஆக்சிஜனோடு அது எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை. குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெயும் பெரும்பாலும் அதுவேயானாலும் வாசனை சேர்த்திருப்பார்கள், வேண்டாம். பலகை குடிக்கும் அளவுக்குத் தடவி, இரவு விட்டு, மீதியைக் காலையில் துடைத்தெடுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் உடனே பரவி இறங்கினால், மறுபடி தடவ நேரமாகிவிட்டது என்று பொருள். ஆளிவிதை எண்ணெய் தடவியவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிடாதீர்கள். இறுகும்போது வெப்பம் வெளிவரும். சுருண்ட துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். பெயின்ட் கடைகளில் ‘கொதித்த’ ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் உலோக உப்புகள் கலந்திருக்கும், அது சமையலறைக்கே ஆகாது.

கழுவுவதற்குச் சோப்பும் சூடான நீரும் போதும். பச்சைக் கறி வெட்டிய பிறகு கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், வாசனை சேர்க்காத குளோரின் வெளுப்பு நீர்மத்தை லிட்டருக்கு 4 மில்லி கலந்து ஊற்றி, சில நிமிடம் விட்டு அலசலாம். முதலில் சோப்பு, பிறகுதான் குளோரின். கொழுப்பும் உணவுத் துணுக்கும் மிச்சமிருந்தால் குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். மீன் வாடைக்கு எலுமிச்சை தேய்ப்பது மூடப்பழக்கம் அல்ல. வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடுகின்றன, மூக்குக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. கறிக்கடைக்காரர்கள் கடை கட்டும் நேரத்தில் கத்தியைப் படுக்கவைத்துக் கட்டையைச் சுரண்டி, கல்லுப்பைத் தூவிவைப்பதிலும் கணக்கிருக்கிறது. சுரண்டும்போது கொழுப்புப் படலம் போகிறது. உப்பு மரத்தின் மேல்தட்டிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. அந்தச் செறிந்த உப்புநீரில் நோய்க்கிருமிகள் பெரும்பாலானவற்றால் பெருக முடியாது. அதனால் சோப்புக்கு வேலை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்பு பெருக்கத்தை நிறுத்தும், இருப்பதையெல்லாம் கொல்லாது.

பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துக்கொள்வது பலருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுத்துவிட மறப்பவர்களே அதிகம். வளைந்த பலகைகளில் பாதிக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

கடைசியில் எல்லாப் பலகையும் தேயத்தான் போகிறது. பிளாஸ்டிக்கில் விரல்நகத்தை ஓட்டினால் பள்ளம்தோறும் தட்டுப்பட ஆரம்பித்ததும் அதைக் கழித்துவிட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் பிசிரும், துகளும் பெருகும். மரத்துக்கு அந்த அவசரம் இல்லை. தச்சரிடம் கொடுத்தால் இழைப்புளியால் மேலே இரண்டு மில்லிமீட்டர் சீவித் தருவார், புது முகம் வந்துவிடும். அதற்கு இடம் கொடுக்கும் தடிமனில், மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல், முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். ஊடே ஓடும் வெடிப்பு விழுந்துவிட்டால் மட்டும் எந்த இழைப்புளியாலும் பயனில்லை. அந்த வெடிப்புக்குள் நாரும் போகாது, காற்றும் போகாது. பாதியாகப் பிளந்து, எண்ணெய் குடித்த அந்த மரத்தை அடுப்பு எரிக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், நன்றாகவே எரியும்.